மாலை ஐந்து மணிக்கும் சந்தைவெளியில் நிற்பவர்கள்

(பொதுக்காலம் 25ம் ஞாயிறு, முதல் ஆண்டு - வானொலியில் ஒலிபரப்பான ஞாயிறு சிந்தனை)



காலை ஆறு, ஆறரை மணிக்கு நம் ஊர் நாற்சந்திகளைக் கடந்து சென்றிருக்கிறோம். அங்கே கொத்தனார்களும், சித்தாள்களும், பெயிண்டர்களும் கூட்டமாக நிற்பார்கள். கையில் கரண்டியும் மட்டக்கோலும், பையில் மதியச் சாப்பாட்டுத் தூக்கும் இருக்கும். ஒரு வண்டி வந்து நின்றால் எல்லாரும் அதை நோக்கி ஓடுவார்கள். வருபவர், இளமையாகவும் வலுவாகவும் இருப்பவர்களைப் பார்த்து நான்கு பேரை ஏற்றிக்கொண்டு போவார். நேரம் ஆக ஆகக் கூட்டம் கரையும். ஒன்பது, பத்து மணிக்கும் சிலர் நிற்பார்கள். வயதானவர்கள், மெலிந்தவர்கள், கைக்குழந்தையோடு வந்த பெண்கள். அதன்பிறகு, காலையில் கட்டிக்கொண்டு வந்த சோற்றை அப்படியே வீட்டுக்குத் திரும்ப எடுத்துப் போவார்கள்.

இன்றைய நற்செய்தியில் (மத்தேயு 20:1-16) இயேசு கூறும் உவமை இத்தகைய ஒரு நாற்சந்தியில்தான் நடக்கிறது. திராட்சைத் தோட்டத்திற்கு வேலையாள்களைத் தேடி ஒரு நிலக்கிழார் விடியற்காலையில் வெளியே செல்கிறார். நாளொன்றுக்கு ஒரு தெனாரியம் என்று பேசி ஆள்களை அனுப்புகிறார். பின்னர் காலை ஒன்பது மணிக்கும், நண்பகல் பன்னிரண்டு மணிக்கும், பிற்பகல் மூன்று மணிக்கும் போகிறார். கடைசியாக மாலை ஐந்து மணிக்கும் போகிறார். அங்கே இன்னும் சிலர் நிற்கிறார்கள். நாள் முழுவதும் வேலை செய்யாமல் ஏன் இங்கே நிற்கிறீர்கள் என்று அவர் கேட்கிறார். தங்களை எவரும் வேலைக்கு அமர்த்தவில்லை என்பதே அவர்கள் சொல்லும் பதில்.

இந்த உவமையைக் கேட்கும்போது, கடைசியில் வரும் கூலிப் பிரச்சனைக்கு நம் மனம் உடனே தாவிவிடுகிறது. ஒரு மணி நேரம் உழைத்தவருக்கும், பன்னிரண்டு மணி நேரம் உழைத்தவருக்கும் ஒரே கூலியா என்று கேட்கிறோம். இன்று, அதற்கு முன்னதாக, ஐந்து மணிக்கு நின்றவர்கள் சொன்ன அந்தப் பதில் அருகே சற்று நிற்போம். அவர்கள் சோம்பேறிகள் அல்ல. சோம்பேறியாக இருந்தால் மாலை ஐந்து மணிவரை வெயிலில் நின்றிருக்க மாட்டார்கள். உழைக்க மனமும், உடம்பில் தெம்பும் இருந்தும், அவர்களை வேண்டும் என்று சொல்ல எவரும் வரவில்லை.

வேலையிழந்த ஒருவர் நாள்தோறும் சுமக்கும் வேதனை இதுவே. பணமில்லை என்பது அவ்வேதனையின் ஒரு பாதிதான். நான் யாருக்கும் தேவைப்படவில்லை என்ற எண்ணம் மறு பாதி.

நம்மிடையே நிற்பவர்கள்

நம் காலத்தில் சந்தைவெளி நாற்சந்தியில் மட்டும் இல்லை. சென்னையை அடுத்த திருப்பெரும்புதூரில், 2006ம் ஆண்டு உற்பத்தியைத் துவக்கிய நோக்கியா அலைபேசி ஆலையை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். பல்வேறு மாவட்டங்களின் கிராமங்களிலிருந்து இளம் பெண்களும் ஆண்களும் ஆயிரக்கணக்கில் அங்கே வேலைக்குச் சென்றனர். பலருடைய குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவர்களே. எட்டே ஆண்டுகளில், 2014ம் ஆண்டு, நவம்பர் 1ம் தேதி, நாம் அனைத்துப் புனிதர் பெருவிழாவைக் கொண்டாடிய நாளில், அந்த ஆலை உற்பத்தியை நிறுத்தியது. வருமான வரித் துறையோடு எழுந்த வழக்கில் ஆலையின் சொத்துகள் முடக்கப்பட்டிருந்தன. அந்நிறுவனத்தின் அலைபேசிப் பிரிவை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது, இந்த ஆலை அந்த வணிகத்தில் சேராமல் வெளியே விடப்பட்டது. வரி வழக்கும், கண்டம் கடந்த வணிகமும் தங்கள் பிழைப்பைத் தீர்மானித்துக்கொண்டிருந்த வேளையில், கன்வேயர் அருகே நின்ற அந்தப் பிள்ளைகள் அதில் எதையும் தடுக்கவோ மாற்றவோ முடியாத நிலையில் இருந்தனர்.

அதேபோல, 2021ம் ஆண்டு, செப்டம்பர் 9ம் தேதி, ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தது. மறைமலைநகர், குஜராத்தின் சனந்த் ஆகிய ஆலைகளில் ஏறக்குறைய 4,000 பேர் பாதிக்கப்படுவர் என்று அந்நிறுவனமே கூறியது. மறைமலைநகர் தொழிலாளர்கள் நியாயமான இழப்பீடு கேட்டு 2022ம் ஆண்டில் போராடினர். கோவிட் பெருந்தொற்றுக்குப் பின்னர், கணினித் துறையிலும் ஆட்குறைப்பு அலை வீசியது. அங்கே ஆலைக் கதவு மூடப்படுவதில்லை. ஒரு மின்னஞ்சல் வரும், அல்லது ஒரு சிறு அறைக்கு அழைப்பு வரும். மாலைக்குள் அடையாள அட்டையையும், மடிக்கணினியையும் ஒப்படைத்துவிட்டு வெளியேற வேண்டும்.

ஓர் ஆலை மூடப்படும்போது அதில் வேலை செய்தவர்கள் மட்டும் பாதிக்கப்படுவதில்லை. உதிரிப் பாகங்கள் செய்து கொடுத்த சிறு பட்டறைகள், ஆள்களை ஏற்றிவந்த வேன் ஓட்டுநர்கள், கேன்டீனில் பாத்திரம் கழுவிய பெண்கள், வாடகைக்கு வீடு விட்டவர்கள், டீக்கடைக்காரர் என்று அனைவரும் பாதிக்கப்படுகின்றனர். கணக்கில் வராத இவர்களுக்கு இழப்பீடு பேச எந்த மேசையும் இல்லை.

வேலை போனதை வீட்டில் சொல்ல முடியாமல், வழக்கம்போல் பையை மாட்டிக்கொண்டு காலையில் கிளம்பி, பூங்காவிலோ, பேருந்து நிலையத்திலோ பொழுதைக் கழித்துவிட்டு மாலையில் வீடு திரும்புபவர்களும் உண்டு. நம் அன்பியக் கூட்டங்களில் அவர்களும் நம்மோடு அமர்ந்து செபமாலை சொல்கிறார்கள். நமக்குத் தெரிவதில்லை.

ஒரு தெனாரியத்தின் பொருள்

உவமைக்குத் திரும்புவோம். மாலையானதும், நிலக்கிழார் தன் மேற்பார்வையாளரை அழைத்துக் கூலியைக் கொடுக்கச் சொல்கிறார். மாலையிலேயே கொடுப்பது அவருடைய தாராளத்தால் அல்ல, அது இறைச்சட்டம். ஏழைக் கூலியாளின் கூலியைக் கதிரவன் மறைவதற்குமுன் கொடுத்துவிட வேண்டும் என்று இணைச்சட்டம் 24ம் அதிகாரம் கட்டளையிடுகிறது. அவர் வறியவர், அந்தக் கூலியை நம்பியே வாழ்கிறார் என்ற காரணத்தையும் அது சொல்கிறது. கூலியாளின் ஊதியம் விடியும்வரை முதலாளியிடம் தங்கியிருக்கக் கூடாது என்று லேவியர் 19ம் அதிகாரமும் கூறுகிறது.

தெனாரியம் என்பது அன்று ஒரு தொழிலாளியின் ஒருநாள் கூலி. ஒரு குடும்பம் அன்றைய பொழுதைக் கடக்க அது தேவை. ஒரு மணி நேரம் மட்டுமே வேலை கிடைத்தவரின் வீட்டில், குழந்தையின் பசி பன்னிரண்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடாது. நிலக்கிழார் அந்தப் பசியையும் கணக்கில் சேர்த்தார். முதலில் வந்தவர்களுக்குப் பேசிய கூலியில் ஒரு காசும் குறைக்கவில்லை; அவர்களுக்கு நீதி வழங்கப்பட்டது. கடைசியில் வந்தவர்களுக்கு நீதியோடு இரக்கமும் சேர்ந்து கிடைத்தது.

இந்த உவமை முதன்மையாக விண்ணரசைப் பற்றியது, தொழிற்சாலை நிர்வாகத்திற்கான விதிமுறை நூல் அல்ல என்பது உண்மையே. ஆனால், விண்ணரசு எப்படிப்பட்டது என்று சொல்ல, வேலை கிடைக்காமல் நிற்பவர்களின் முகங்களை இயேசு தேர்ந்துகொண்டார். கடவுளின் எண்ணங்கள் நம் எண்ணங்களைவிட எவ்வளவோ உயர்ந்தவை என்று, இன்றைய முதல் வாசகத்தில் இறைவாக்கினர் எசாயா சொல்கிறார். நம் கணக்கில் ஒருவர் எவ்வளவு நேரம் உழைத்தார் என்பது மட்டுமே வருகிறது. அவருக்கு வீட்டில் எத்தனை பேர் என்பதும் கடவுளின் கணக்கில் வருகிறது.

சீராக்கின் ஞானம் 34ம் அதிகாரம் இன்னும் கடுமையாகப் பேசுகிறது. அடுத்திருப்பவரின் பிழைப்பைப் பறிப்பவர் அவரைக் கொலை செய்கிறார் என்ற பொருளில் அது கூறுகிறது. 1514ம் ஆண்டு, கியூபாவில் நிலமும் அடிமை உழைப்பும் பெற்றிருந்த பர்த்தலமேயு தெ லாஸ் காஸாஸ் என்ற அருள்பணியாளர், தூய ஆவியாரின் பெருவிழா மறையுரைக்காக இந்த அதிகாரத்தைப் படித்துக்கொண்டிருந்தார். அந்த வார்த்தைகள் அவரை உலுக்கின. தனக்கு ஒதுக்கப்பட்டிருந்த பூர்வகுடித் தொழிலாளர்களை விடுவித்தார். தன் எஞ்சிய வாழ்நாளை அம்மக்களின் உரிமைக்காகச் செலவிட்டார். மறையுரை தயாரித்தவரே முதலில் மனம் மாறினார் என்பது, மறையுரை ஆற்றும் எங்களைப் போன்றோரும் நினைவில் கொள்ள வேண்டிய ஒன்று.

திருஅவை என்ன சொல்கிறது?

நிறுவனங்களின் விவகாரத்தில் திருஅவைக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். 1891ம் ஆண்டு, மே 15ம் தேதி, திருத்தந்தை 13ம் லியோ அவர்கள் 'ரேரும் நோவாரும்' என்ற சுற்றுமடலை வெளியிட்டபோதும் இதே கேள்வி எழுந்தது. தொழிலாளரும் முதலாளியும் தாங்களாகவே ஒப்புக்கொண்டால் எதுவும் நியாயம்தான் என்று அந்நாளில் பலர் வாதிட்டனர். திருத்தந்தை அதை ஏற்கவில்லை. இதைவிட மோசமானது நேரிடுமோ என்ற அச்சத்தால் ஒரு தொழிலாளி கடுமையான நிபந்தனையை ஏற்றுக்கொண்டால், அவர் வன்முறைக்கும் அநீதிக்கும் ஆளானவரே என்று அவர் கற்பித்தார். தொழிலாளர்கள் சங்கமாகச் சேர்வது அவர்களது இயற்கை உரிமை என்றும் எடுத்துரைத்தார்.

புனிதத் திருத்தந்தை 2ம் யோவான் பவுல் அவர்கள், இளமையில், நாத்சி ஆக்கிரமிப்பின்கீழ் இருந்த போலந்தில், கல்குவாரியிலும், சோல்வே வேதிப்பொருள் ஆலையிலும் உடலுழைப்பு செய்தவர். 1981ம் ஆண்டு அவர் வெளியிட்ட 'லபோரெம் எக்ஸெர்சென்ஸ்' சுற்றுமடலில், மனிதருக்காகவே வேலை, வேலைக்காக மனிதர் அல்லர் என்ற அடிப்படையை வைத்தார். மூலதனத்தைவிட உழைப்புக்கே முதலிடம் என்றார். வேலையில்லாதோருக்கு உதவித்தொகை வழங்குவது பிச்சையல்ல, உயிர்வாழும் உரிமையிலிருந்து பிறக்கும் கடமை என்றார்.

அதே மடலில், 'மறைமுக முதலாளி' என்ற ஒரு கருத்தையும் அவர் விளக்குகிறார். சம்பளம் கொடுப்பவர் நேரடி முதலாளி. ஆனால், அவர் எப்படி நடந்துகொள்ள முடியும் என்பதைத் தீர்மானிக்கும் அரசுகள், சட்டங்கள், பன்னாட்டு வணிக ஒப்பந்தங்கள் ஆகியவையெல்லாம் சேர்ந்து மறைமுக முதலாளி. ஓர் ஆலை மூடப்படும்போது, மேலாளர் தலைமையகத்தைக் கைகாட்டுகிறார். தலைமையகம் சந்தையைக் கைகாட்டுகிறது. அரசு நிறுவனத்தையும், நிறுவனம் அரசையும் கைகாட்டுகின்றன. முடிவில், இதைச் செய்தவர் எவருமில்லை என்றாகிவிடுகிறது. பொறுப்பு பலரிடம் பகிர்ந்து கிடப்பதால் அது இல்லாமல் போய்விடாது என்பதே இப்போதனையின் சாரம்.

இலாபம் ஈட்டுவதைத் திருஅவை குற்றமாகச் சொல்லவில்லை. இலாபம் ஒரு நிறுவனத்தின் நலத்தைக் காட்டும் அடையாளம், ஆனால் ஒரே அடையாளம் அல்ல என்று 1991ம் ஆண்டின் 'சென்டேசிமுஸ் ஆன்னுஸ்' கூறுகிறது. கணக்குப் புத்தகம் ஒழுங்காக இருக்கும்போதே, அந்நிறுவனத்தின் மனிதர்கள் நசுக்கப்பட்டுக் கிடக்கலாம் என்றும் அது எச்சரிக்கிறது. திருத்தந்தை 16ம் பெனடிக்ட் அவர்கள், 2009ம் ஆண்டு வெளியிட்ட 'காரித்தாஸ் இன் வெரித்தாத்தே' சுற்றுமடலில், ஒரு நிறுவனம் பங்குதாரர்களுக்கு மட்டுமல்ல, தொழிலாளர், வாடிக்கையாளர், பொருள் வழங்குவோர், அது அமைந்துள்ள ஊர் ஆகிய அனைவருக்கும் பொறுப்புடையது என்றார். நீண்டகால வேலையின்மை ஒருவரின் சுதந்திரத்தையும், படைப்பாற்றலையும், குடும்ப உறவுகளையும் அரித்துவிடும் என்றும் சுட்டிக்காட்டினார்.

திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களுக்கு இது புத்தக அறிவு அல்ல. 2013ம் ஆண்டு, செப்டம்பர் 22ம் தேதி, சார்தீனியா தீவின் காலியரி நகரில் வேலையில்லாத தொழிலாளர்களைச் சந்தித்தபோது, தயாரித்து வந்த உரையை ஒதுக்கிவைத்துவிட்டு, தன் தந்தையைப் பற்றிப் பேசினார். இத்தாலியிலிருந்து அர்ஜென்டினாவுக்குக் குடிபெயர்ந்த அக்குடும்பம், 1930களை ஒட்டிய பெரும் பொருளாதார வீழ்ச்சியில் அனைத்தையும் இழந்தது. தான் அப்போது பிறக்கவில்லை என்றாலும், அந்தத் துன்பத்தைப் பற்றி வீட்டில் பேசக்கேட்டே வளர்ந்ததாக அவர் பகிர்ந்துகொண்டார். 2017ம் ஆண்டு, மே 27ம் தேதி, ஜெனோவா நகரின் இல்வா எஃகு ஆலையில் அவர் பேசியபோது, தன் ஆள்களை வெளியேற்றுவது எந்த நல்ல தொழில்முனைவோருக்கும் மகிழ்ச்சி தராது என்றார். ஆள்களை வெளியேற்றியே நிறுவனத்தின் பிரச்சனையைத் தீர்த்துவிடலாம் என்று நினைப்பவர் நல்ல தொழில்முனைவோர் அல்ல என்றும் கூறினார். எல்லாருக்கும் வருமானம் என்பதோடு நின்றுவிடாமல், எல்லாருக்கும் வேலை என்பதே நம் இலக்காக இருக்கவேண்டும் என்பதும் அன்று அவர் வலியுறுத்திய கருத்து. ஏனெனில், உதவித்தொகை வயிற்றை நிரப்பும். நான் பயனுள்ளவன் என்ற உணர்வை அது தராது.

அப்படியானால், எந்த நிறுவனத்தையும் எக்காலத்திலும் மூடக் கூடாதா? அப்படிச் சொல்ல முடியாது. உண்மையிலேயே நலிந்துபோன தொழில்கள் உண்டு. ஆனால், இப்போதனைகளின் ஒளியில் சில கேள்விகளை நாம் கேட்டாக வேண்டும். ஆட்குறைப்பு கடைசி வழியாக இருந்ததா, அல்லது முதல் வழியாகவா? மேலே உள்ளவர்களும் இழப்பில் பங்கேற்றார்களா? உண்மை முன்கூட்டியே சொல்லப்பட்டதா? தொழிலாளர்களோடு பேசினார்களா? சேர வேண்டிய தொகை முழுமையாகக் கொடுக்கப்பட்டதா? இக்கேள்விகளுக்கு நேர்மையான விடை இருந்தால், பிரிவிலும் மாண்பு காக்கப்படும்.

அறிந்திருக்க வேண்டிய உரிமைகள்

நம் நாட்டின் சட்டமும் இந்தத் திசையில் சில பாதுகாப்புகளை வகுத்தது. 1947ம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தின்படி, ஓராண்டு தொடர்பணி செய்தவராக, அதாவது 12 மாதங்களில் 240 நாள்கள் பணியாற்றியவராக இருக்கும் தொழிலாளரை ஆட்குறைப்பு செய்ய, காரணம் காட்டி ஒரு மாத முன்னறிவிப்போ, அதற்கு ஈடான ஊதியமோ தரவேண்டியிருந்தது. பணி முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம் இழப்பீடாகத் தரவேண்டியிருந்தது. பொதுவாக, அந்தப் பிரிவில் கடைசியாகச் சேர்ந்தவரே முதலில் வெளியேற்றப்பட வேண்டியிருந்தது. பிடிக்காதவரைப் பொறுக்கி எடுத்து வெளியேற்றுவதைத் தடுக்கவே இவ்விதி. பின்னர் ஆள் எடுக்கும்போது, வெளியேற்றப்பட்டவர்களுக்கு முன்னுரிமை தரவேண்டியிருந்தது. 100 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலைசெய்யும் ஆலைகள், சுரங்கங்கள், தோட்டங்களில் அரசின் முன் அனுமதியும் தேவை என்று அச்சட்டம் கூறியது. 2020ம் ஆண்டு நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, இந்த 100 என்ற எண்ணிக்கையை 300 ஆக உயர்த்தியது. அதற்குக் கீழ் உள்ள நிறுவனங்களின் தொழிலாளர்களுக்குப் பாதுகாப்பு குறைகிறது என்று தொழிற்சங்கங்கள் இதை எதிர்த்தன.

இவற்றோடு, ஐந்தாண்டு பணி முடித்தவர்களுக்குப் பணிக்கொடை உண்டு. வருங்கால வைப்பு நிதி உண்டு. இ.எஸ்.ஐ. பிடித்தம் செய்யப்பட்டவர்களுக்கு, நிபந்தனைகளுக்கு உட்பட்டு, வேலையிழப்பு உதவித்தொகைத் திட்டங்களும் உண்டு. இதைக் கேட்காமலேயே விட்டுவிடுபவர்கள் பலர். அருகிலுள்ள இ.எஸ்.ஐ. அலுவலகத்தில் விசாரிப்பது நல்லது.

முக்கியமான ஒன்றையும் சொல்ல வேண்டும். பல இடங்களில் ஆட்குறைப்பு என்ற சொல்லே பயன்படுத்தப்படுவதில்லை. நீங்களாகவே ராஜினாமா செய்துவிடுங்கள், நல்ல சான்றிதழ் தருகிறோம், இல்லையென்றால் உங்கள் எதிர்காலம் கெட்டுவிடும் என்று கூறிக் கையொப்பம் வாங்கிவிடுகிறார்கள். தானாக விலகியவர் என்று தாளில் ஏறிவிட்டால், ஆட்குறைப்புக்கான இழப்பீட்டைக் கேட்பது மிகவும் கடினம். திருத்தந்தை 13ம் லியோ அவர்கள் 1891ம் ஆண்டு சொன்ன, அச்சத்தால் வாங்கப்பட்ட சம்மதம் இதுதான். அப்படி ஒரு தாள் நம் முன் வைக்கப்பட்டால், படித்துப் பார்க்க நேரம் கேட்போம். தொழிற்சங்கத்திலோ, வழக்குரைஞரிடமோ, தொழிலாளர் துறை அலுவலகத்திலோ ஒரு வார்த்தை கேட்காமல் கையெழுத்திட வேண்டாம்.

முணுமுணுத்தவர்கள்

உவமையின் இறுதியில் முணுமுணுத்தவர்கள் யார்? நிலக்கிழார் அல்ல, மேற்பார்வையாளரும் அல்ல. காலையில் வேலை கிடைத்த தொழிலாளர்களே முணுமுணுத்தனர். தங்களுக்குக் கூலி குறைந்தது என்பது அவர்களது புகார் அல்ல. கடைசியில் வந்தவர்களைத் தங்களுக்கு இணையாக்கிவிட்டீரே என்பதே புகார்.

இது நமக்குள் இருக்கும் நோய். நிரந்தரத் தொழிலாளர் ஒப்பந்தத் தொழிலாளரை நம் ஆள் என்று கருதுவதில்லை. ஒப்பந்தத் தொழிலாளர், வட மாநிலத்திலிருந்து வந்தவரைத் தன் பிழைப்பைக் கெடுக்க வந்தவராகப் பார்க்கிறார். கேன்டீனில் தனி வரிசை, பேருந்தில் தனி இருக்கை என்று பிரிந்தே இருக்கிறோம். ஆட்குறைப்பு வரும்போது, முதலில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் ஓசையின்றி வெளியேற்றப்படுகிறார்கள். அப்போது மற்றவர்கள் பேசுவதில்லை. அடுத்த அலை தங்கள்மேல் வரும்போது, அருகில் நிற்க ஆள் இருப்பதில்லை. காலை ஆறு மணிக்கு வந்தவரும், மாலை ஐந்து மணிக்கு வந்தவரும் ஒரே சந்தைவெளியிலிருந்து வந்தவர்கள்தான் என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

திருத்தூதர் பணிகள் 18ம் அதிகாரத்தில் இதற்கு மாற்றான ஒரு காட்சியைக் காண்கிறோம். யூதர்கள் உரோமையைவிட்டு வெளியேற வேண்டும் என்று பேரரசர் கிளவுதியு ஆணையிட்டதால், அக்கிலா, பிரிஸ்கில்லா என்ற தம்பதியர் பிழைப்பைத் தேடிக் கொரிந்துக்கு வந்துசேர்ந்தனர். அவர்கள் கூடாரம் செய்யும் தொழிலாளர்கள். அதே தொழில் தெரிந்த பவுல் அவர்களைத் தேடிச் சென்று, அவர்களோடு தங்கி, ஒன்றாக வேலை செய்தார். ஓர் அரச ஆணையால் வாழ்விடத்தை இழந்த குடும்பம், தன் பட்டறையில் மற்றொருவருக்கு இடம் கொடுத்தது. கொரிந்துத் திருஅவை வளர்ந்தபோது, அந்தப் பட்டறைதான் அதற்கு ஒரு தொடக்கமாக இருந்தது.

உழைக்க மனமில்லாதவர் உண்ணலாகாது என்று தெசலோனிக்கருக்கு எழுதியவரும் இதே பவுல்தான். வேலையில்லாதவர்களைக் குத்திக்காட்ட இந்த வார்த்தையைச் சிலர் பயன்படுத்துகிறார்கள். பவுல் கண்டித்தது உழைக்க மனமில்லாதவர்களை. உழைக்க மனமிருந்தும் வாய்ப்புப் பறிக்கப்பட்டவர்களை அல்ல.

நம் பங்கில் நாம் என்ன செய்யலாம்?

வேலை இழந்தவர் கோவிலுக்கு வருவதை நிறுத்துவது உண்டு. நம்பிக்கை குறைந்ததால் அல்ல. பங்குச் சந்தா பாக்கி, திருவிழா வரி பாக்கி, பீடத்திலிருந்து பெயர் வாசிப்பார்களோ என்ற கூச்சம். நம் பங்குப்பேரவை இதை எண்ணிப்பார்க்க வேண்டும். வேலையிழந்த குடும்பத்தின் சந்தாவை, யாருக்கும் தெரியாமல், நிறுத்திவைக்க முடியும். திருமணத்திற்கோ, திருமுழுக்குக்கோ சான்றிதழ் கேட்டு வரும்போது பாக்கியைக் காட்டித் திருப்பி அனுப்பாமல் இருக்க முடியும்.

அன்பியத்தில், அந்த வீட்டைச் சென்று சந்திப்போம். வேலை கிடைத்துவிட்டதா என்று ஒவ்வொரு முறையும் கேட்பது அவரைக் காயப்படுத்தும். சாப்பிட்டீர்களா, பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டாலே போதும். மற்றதை அவரே சொல்வார். பள்ளிக் கட்டணம் கட்டும் மாதத்தில் வின்சென்ட் தே பவுல் சபையினர் முன்வரலாம். நம் பங்கிலேயே வழக்குரைஞர்கள், ஓய்வுபெற்ற அலுவலர்கள், தொழிற்சங்க அனுபவம் உள்ளவர்கள் இருக்கிறார்கள். மாதம் ஒரு ஞாயிறு, திருப்பலிக்குப்பின் ஒரு மணி நேரம் அவர்கள் ஒரு மேசையில் அமர்ந்தால், பணிக்கொடைக்கும் வைப்பு நிதிக்கும் எப்படி விண்ணப்பிப்பது என்று எத்தனையோ பேருக்கு வழிகாட்ட முடியும். எங்கே ஆள் எடுக்கிறார்கள் என்ற செய்தியை அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம்.

நம்மில் மேலாளர்களாகவும், மனிதவளத் துறையில் அதிகாரிகளாகவும் இருப்பவர்கள் உண்டு. பட்டியலில் யார் பெயரைச் சேர்ப்பது என்ற கொடிய பொறுப்பு அவர்கள் கையில் வருகிறது. முடிவை மாற்ற அவர்களால் முடியாமல் போகலாம். ஆனால், உண்மையை மறைக்காமல் சொல்லவும், மிரட்டிக் கையொப்பம் வாங்க மறுக்கவும், சேர வேண்டியதை ஒரு ரூபாயும் குறையாமல் பெற்றுத்தரவும் அவர்களால் முடியும். அவர்களுக்காகவும் நாம் செபிக்க வேண்டும்.

இன்னொன்று. நம்மில் பலர் சிறு முதலாளிகளே. வீட்டு வேலைக்கு வரும் அம்மா, கடையில் நிற்கும் தம்பி, வண்டி ஓட்டும் அண்ணன் ஆகியோருக்கு நாம்தான் முதலாளி. கோவிட் காலத்தில், நாளையிலிருந்து வரவேண்டாம் என்று ஒரே வார்த்தையில் எத்தனை பேரை நிறுத்தினோம்? அந்த மாதக் கூலியைக் கொடுத்தோமா? பெரிய நிறுவனங்களைப் பார்த்துக் கேட்ட கேள்விகளை நம் வீட்டு வாசலிலும் கேட்போம்.

அன்பார்ந்தவர்களே, இந்த உவமையில் நிலக்கிழார் ஐந்து முறை வெளியே போகிறார். மேற்பார்வையாளர் ஒருவர் இருந்தும், ஆள் தேடுவதற்கு அவரையே அனுப்பிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கவில்லை. ஐந்து மணிக்குப் போனபோது வேலை முடிய ஒரு மணி நேரம்தான் இருந்தது. தோட்டத்திற்கு அப்போது ஆள் தேவைப்பட்டதா என்பது பற்றி இயேசு எதுவும் சொல்லவில்லை. ஆனால், அங்கே நின்றவர்களுக்கு வேலை தேவைப்பட்டது. அவர் போனார், பேசினார், தோட்டத்திற்குள் வரச் சொன்னார்.

நம் கடவுள் இப்படிப்பட்டவர். இந்த வாரம், நம் தெருவில் ஐந்து மணிக்கும் நின்றுகொண்டிருக்கும் ஒருவரை நாமும் தேடிச் செல்வோம்.

மன்றாடுவோம். நாசரேத்தின் தச்சுப்பட்டறையில் உழைத்த ஆண்டவரே, வேலையிழந்து நிற்கும் எம் சகோதர, சகோதரிகளைக் கண்ணோக்கியருளும். அவர்கள் தங்கள் மதிப்பை இழந்துவிடாதபடி காத்தருளும். அவர்களது வீட்டில் அப்பமும் அமைதியும் குறையாதிருக்கட்டும். தொழில் நடத்துவோருக்கு நேர்மையான உள்ளத்தையும், வேலையில் இருக்கும் எங்களுக்கு முணுமுணுக்காத மனதையும் தாரும். தொழிலாளரான புனித யோசேப்பே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.